இருமிய மூன்றாவது கேன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இது பயந்த கதை இல்லை, பயம் விட்டுப்போன கதை.

ஒரு லாரி டிரைவருக்குக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போனது. பத்து நாள் கழித்து வாசனைகள் அவர் காதில் கேட்கத் தொடங்கின. சோப்பு கிசுகிசுத்தது, டீசல் உறுமியது. டாக்டர் காதுக்குச் சொட்டுமருந்து கொடுத்தார். அந்த மருந்தும் ஏதோ முணுமுணுத்தது. மனைவியிடம் மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை. லாரியை விற்று, தையல்காரியான அவளும் கடையை மூடி, மூன்று ஏக்கர் கல்லாங்காட்டில் எலுமிச்சைப்புல் நட்டு ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. வாசனை எண்ணெய் காய்ச்சுகிறவனுக்கு மூக்கே இல்லை என்று தெரிந்தால் யார் வாங்குவார்கள்? பண்ணையை உழுது மூட வேண்டியதுதான்.

புல் வளர்ந்தது. அறுத்து ஒரு நாள் நிழலில் வாடவிட்டு, கொப்பரையில் மிதித்து அடைத்து, அடியில் தீ மூட்டுவார்கள். ஆவி குளிர்ந்து சொட்டும்; மேலே மிதக்கும் எண்ணெயை அவள் வடித்துக் கேனில் அடைப்பாள். அவர் குனிந்து முகர்வதுபோல் காதைச் சாய்த்து, "ஆஹா!" என்பார். இரண்டு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு சோப்புக் கம்பெனி கொடுத்த முதல் பெரிய ஆர்டருக்குக் காய்ச்சியபோது தீயை ஒரேயடியாக ஏற்றிவிட்டார். அடிப்புல் தீய்ந்தது. கொப்பரை இரைச்சலில் அந்தத் தீய்ந்த வாடையின் இருமல் அவர் காதில் விழவில்லை. மறுநாள் கம்பெனி ஆள் வந்து நின்றபோதுதான், அமைதியான கொட்டகையில், மூன்றாவது கேன் இருமுவது கேட்டது. வந்தவருக்கோ கடுமையான ஜலதோஷம். காகிதக் கீற்றை ஒவ்வொரு கேனிலும் தொட்டு முகர்ந்து, "எல்லாம் அருமை" என்றார். பேசாமல் இருந்தால் தப்பிக்கலாம். ஆனால் அந்த ஒரு கேன் எல்லாவற்றோடும் கலந்தால் மொத்தமும் பாழ்.

"சார், மூணாவதை விட்டுடுங்க."

"ஏன்யா?"

"அது இருமுது சார்."

"இருமுறது நான்தான்யா!"

டிரைவர் தலைகுனிந்து எல்லாவற்றையும் சொன்னார். வந்தவர் மூக்கை நன்றாகச் சிந்திவிட்டு மறுபடி முகர்ந்தார். அடியில் புகை நாற்றம். கேனைத் தானே ஓரமாக நகர்த்தி வைத்தார்.

தையல்காரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "காய்ச்சல் விட்ட வாரமே நாலு தடவை வேணும்னே பாலைத் தீயவிட்டுக் குடுத்தேன். நாலு தடவையும் அமிர்தம்னு குடிச்சீங்க. மூக்கு போனது எனக்கு எப்பவோ தெரியும். காது வந்ததுதான் தெரியாது."

"தெரிஞ்சுமா சும்மா இருந்தே?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். மனுஷன் இவ்வளவு அழுத்தமா!"

புல்கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தவர், இரண்டு வருஷத்து மூச்சையும் சேர்த்து விட்டார். மற்ற கேன்கள் அன்றே வண்டி ஏறின.

பிறகு வெட்டிவேர் போட்டார்கள், கொப்பரை நான்காயிற்று, டிரைவருக்குத் தலை நரைத்தது. இப்போது அந்தக் கம்பெனியின் சோதனைப் படிவத்தில் நிறம், அடர்த்தி, வாசனை என்பதற்குக் கீழே சத்தம் என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை, நிரப்பி அனுப்புகிறார்கள்.

போய்வாருங்கள், கண்ணுகளா. ஒருவருக்கொருவர் மறைத்துச் சுமக்கிற பயம் எதுவும் உங்கள் வீட்டில் தங்காமல், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து நன்றாயிருங்கள்.