குளிப்பாட்டிய நாய்

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்து ஆற்று வெள்ளத்தில் நீந்திக் கரையேறி, கொக்கிரகுளத்தில் சாரம்மாள் டீச்சர் வீட்டுக்குள் வந்து ஒண்டிய குட்டிதான் ஜிம்மி. இரண்டு வருஷம் கழித்து அது சோற்றைத் தொடாமல் படுத்துவிட்டது. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று.

டாக்டரிடம் கிளம்பும் முன் டீச்சர் அதைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினாள். காதிலும் விரலிடுக்கிலும் இருந்த உண்ணிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி மண்ணெண்ணெயில் போட்டாள். ஊரில் பாதிப் பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துப் பிரம்பெடுத்தவள் அவள். அழுக்கு நாயோடு போய் நிற்பாளா?

"உண்ணி இருக்கா டீச்சர்?" என்று டாக்டர் கேட்டார்.

"எங்க வீட்டு நாய்க்கா? நல்லாப் பாருங்க."

அவர் முடியை விலக்கிப் பார்த்தார். சோப்பு மணம்தான் வந்தது. காமாலை என்று மருந்து கொடுத்தார்.

ஞாயிறன்று ஜிம்மியால் எழவே முடியவில்லை. டீச்சர் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போகாமல், அதைக் குளிப்பாட்டாமல் அப்படியே ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாலடியில் கொழுத்துக் கிடந்த புது உண்ணி ஒன்றை டாக்டர் கண்டார். உடனே காது நுனியைக் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"ரத்தத்துல கிருமி இருக்கு டீச்சர். உண்ணி கடிச்சு வாரது. அன்னைக்கே ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா, அன்னைக்கே ரத்தத்தைப் பாத்திருப்பேன்."

டீச்சர் ஜிம்மியின் தலையைப் பிடித்துக்கொள்ள, டாக்டர் ஊசி போட்டார். போட்ட ஊசி வேலை செய்யும் முன் மேசைமேலேயே ஜிம்மி அடங்கிவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டியது, அவளிடம் படித்த பக்கத்து வீட்டு பாக்கியசீலன். "குளிப்பாட்டிப் போடுவோமா டீச்சர்?" என்று கேட்டான்.

"வேண்டாம்லே," என்றாள். "அழுக்கோடயே இருக்கட்டும்."