ஒரு தாச்சி நுரை

மூன்றாம் நம்பர் மெஷினின் கதவிடுக்கில் நுரை கசியத் தொடங்கியபோது தமயந்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு ஹோட்டலின் சலவை அறை அது. பவுடர் அளக்கும் கோப்பையாலேயே புதிதாக வந்த கெட்டிச் சோப்புத் திரவத்தையும் அளந்து ஊற்றியிருந்தாள், அதனால் வந்த வினை. நுரை சத்தமில்லாமல் தரையில் இறங்கி, மேசைக்கால்களைச் சுற்றி வந்து அவள் சப்பாத்தை மூடியது. யன்னல் வெயில் பட்டு அதில் நிறங்கள் ஓடின. என்ன வடிவு என்று ஒரு கணம் நினைத்ததற்காகப் பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மேற்பார்வையாளர் வின்னி ஹொங்கொங்காரி. வெள்ளிக்கிழமை அவள் கையெழுத்து வைக்கவேண்டிய வேலைக் கடிதத்தில்தான் தமயந்தியின் விசா தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வின்னி வாசலில் வந்து நின்று நுரையைப் பார்த்தாள். பிறகு தமயந்தியைப் பார்த்தாள்.

“யாட் வொக் போ.”

கடைசிச் சொல் மட்டும்தான் தமயந்தியின் காதில் விழுந்தது. ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, மறுபேச்சில்லாமல் வெளியே வந்தாள். வீட்டுக்குப் போகும் மவுண்ட் ரோஸ்கில் பஸ் நிற்கும் இடம்வரை நனைந்த சப்பாத்தோடு நடந்தாள். தெருவும் சனமும் எங்கோ தூரத்தில் போய்க்கொண்டிருந்தன. கணவன் பிரதாபனுக்குப் போன் எடுத்தாள்.

“இஞ்சேருங்கோ, வேலை போச்சு. வின்னி என்னைப் போ எண்டிட்டா.”

அவன் கேட்டது ஒன்றுதான்.

“எந்தப் பாஷையில சொன்னவ?”

பஸ் வந்து, கதவைத் திறந்து, மூடிக்கொண்டு போனது. தமயந்தி அப்படியே நின்றாள். வின்னிக்குத் தமிழில் ‘ஓம்’ என்று சொல்லக்கூடத் தெரியாது.

திரும்பி வந்தபோது வின்னி காற்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டு, தனியாக நுரையைத் தள்ளிக்கொண்டிருந்தாள். எங்கே போனாய் என்று கேட்டாள். தமயந்தி தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னதும் வின்னி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் பாஷையில் யாட் என்றால் ஒன்று, வொக் என்றால் பொரிக்கிற தாச்சி, போ என்றால் நுரையாம். ஒரு தாச்சி நிறைய நுரை. ஒரு காரியம் சரிக்கட்ட முடியாதபடி குழம்பிப்போனால் அவர்கள் அப்படித்தான் சொல்வார்களாம். தன் கலியாணமும் ஒரு யாட் வொக் போதான் என்று சொல்லிவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

கடிதத்தைப் பற்றிக் கேட்கத் தமயந்திக்கு நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. வின்னி மற்றத் துடைப்பத்தை நீட்டினாள்.

“போ,” என்றாள் தமயந்தி, நுரையைப் பார்த்து.

வின்னியும் சொன்னாள். இரண்டு பேரும் சொல்லிச் சொல்லித் தள்ளினார்கள். நுரை விலகி, மெல்லத் திரும்பி வந்து, முழங்காலுக்குக் கீழே யாருடைய கால் எது என்று தெரியாமல் மூடிக்கொண்டது.