சுவருக்கு அந்தப் பக்கம்

சுவருக்கு அந்தப் பக்கம் நீதிபதி சிரித்தார். சிரித்து அடங்கி, எதையோ நினைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். டோரீனுக்கு வயிறு பற்றி எரிந்தது. காலையிலிருந்து இரண்டு முறை இந்த அறைக்கு வந்து போயிருக்கிறார் மனிதர். அவளிடம் ஒரு பல்லைக்கூடக் காட்டவில்லை.

கிரீன் பே ஃபெடரல் கோர்ட்டில் சமரசப் பேச்சு என்றால் இப்படித்தான். சண்டைக்காரர்களை ஆளுக்கொரு அறையில் உட்காரவைத்துவிட்டு நடுவில் நீதிபதி நடையாய் நடப்பார். இங்கே சண்டை அக்காவுக்கும் தங்கைக்கும். அப்பா இருவருக்கும் சரிபாதியாக எழுதிவைத்த கிளப்புக்காகச் சண்டை. பாரும் சாப்பாட்டுக் கூடமும் சேர்ந்த கிளப் அது, வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே திரளும் இடம். தங்கை மார்லிஸ் ஆற்றுக்கு அப்பால் மிச்சிகனில் வாழ்க்கைப்பட்டவள். விஸ்கான்சினில் இருக்கும் கட்டடத்தை விற்றுப் பங்கைக் கொடு என்று அவள் போட்ட வழக்கு, இரண்டு மாநிலத்து விவகாரம் என்று இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது.

பணத்துக்காகவா போட்டாள்? டோரீன் கிளப்பின் பூட்டை மாற்றினாள், அதனால் போட்டாள். இத்தனை வருஷமும் கொதிக்கிற எண்ணெய் முன்னால் நின்றவள் டோரீன். வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டவள் மார்லிஸ். விஸ்கான்சின் பக்கத்துக் கிளப்களில் வந்ததும் மேஜைக்குப் போய்விட முடியாது. பாரில் உட்கார்ந்து, மீனுக்குச் சொல்லிவிட்டு, பேர் கூப்பிடும்வரை பிராந்தியோடு ஊர்வம்பு பேச வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பாதி ருசி. கூப்பிட்டவள் மார்லிஸ் என்பதால், சாப்பிட்டுப் போகிறவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கியதும் மார்லிஸைத்தான். சமையலறைக்குள் எட்டிப் பார்த்து மீன் நன்றாக இருந்தது என்று சொல்ல ஒரு நாதி இல்லை. பொறாமைதான், வேறென்ன. தங்கையை விரட்டிவிட்டு, வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு மின்கருவியைக் கொடுத்தாள் டோரீன். மேஜை காலியானதும் அது கையில் கிடந்து நடுங்கும். பாரில் பேச்சு நின்றுபோனது. அடுத்த வாரம் பாதிப் பேர் வரவே இல்லை.

கதவு திறந்தது. நீதிபதி டெல்ஃபோஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"உங்க தங்கச்சி கேஸை வாபஸ் வாங்கிக்கிறாங்களாம். காசும் வேண்டாமாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசல்ல நிக்க விட்டாப் போதுமாம்."

கூட உட்கார்ந்திருந்த டோரீனின் வக்கீல் அவள் பக்கம் சாய்ந்தார். "ஒத்துக்குங்க. கிளப் உங்க கையிலயே இருக்கும். இதைவிட நல்லது கிடைக்காது."

"எதுக்கு அப்படிச் சிரிச்சீங்க?" என்று நீதிபதியைக் கேட்டாள் டோரீன்.

அவர் தயங்கினார். "குடிச்சுட்டு கிச்சனுக்குள்ள வந்த ஆளை, நீங்க மீன் இடுக்கியோட பனியில துரத்திக்கிட்டு ஓடினீங்களாமே, அந்தக் கதை."

அவளுடைய கதை. அதையுமா எடுத்துக்கொண்டாள் பாவி. "அவ சொல்ற மாதிரி இல்லீங்க," என்று நிமிர்ந்து உட்கார்ந்து, டோரீன் முதலிலிருந்து சொன்னாள். ஆள் யார், எந்தக் கதவு வழியாக வந்தான், எங்கே வழுக்கி விழுந்தான், ஒன்று விடவில்லை. நீதிபதி மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டார். முடிந்ததும், "அப்படியா," என்றார்.

"வித்துடுங்க," என்றாள் டோரீன். "ரெண்டு பேருக்கும் வேண்டாம்."

வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைத் திரும்பியே பார்க்கவில்லை. நீதிபதி போனார். சுவருக்கு அப்பாலிருந்து இந்த முறை சிரிப்பு கேட்கவில்லை. டோரீனுக்கு அப்பாடா என்றிருந்தது.

அவர் ஒரு காகிதத்தோடு திரும்பி வந்தார். "சம்மதிச்சுட்டாங்க. கொஞ்ச நேரம் அழுதாங்க. அப்புறம், யார் வாங்கறாங்களோ அவங்ககிட்டயே போய் அந்த வாசல் வேலையைக் கேட்டுக்கறேன்னாங்க."

கொடுப்பான். எவன் வாங்கினாலும் கொடுப்பான், கொஞ்சம் மூளை இருந்தால் முதல் நாளே கொடுப்பான். மீன் வறுக்கத்தான் யாரை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றி அவள் பக்கம் நகர்த்தினார். எண்ணெய் தெறித்துப் புள்ளி புள்ளியாக வெளுத்திருந்த கையை டோரீன் காகிதத்தின் மேல் வைத்தாள். பேனாவை எடுக்கவில்லை. கையையும் எடுக்கவில்லை.