திரும்பாத ஒளி

போலாரிமீட்டரில் இந்த முறையும் பூஜ்யம்தான்.

யசோதரா கண்ணாடிக் குழாயைத் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடி பார்த்தாள். ஒளி போனபடியே போனது. எந்தப் பக்கமும் திரும்பவில்லை.

அவள் செய்துகொண்டிருந்த பொருள் கையுறை மாதிரி. இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று என்று அதற்கு இரண்டு வடிவம். பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும், ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. சும்மா செய்தால் இரண்டும் சரிபாதியாக வந்து விழும். ஒன்று ஒளியை ஒரு பக்கம் திருப்பும், மற்றது எதிர்ப்பக்கம் திருப்பும், சரிபாதி கலந்தால் போலாரிமீட்டரில் பூஜ்யம்தான். ஒரு பக்கத்துக் கையுறை மட்டும் விழும்படி செய்ய ஒரு வினையூக்கி வேண்டும். அப்படி ஒன்றை அவள் உருவாக்கியிருந்தாள். புளியில் இருக்கிற டார்டாரிக் அமிலத்திலிருந்து செய்த மூலக்கூறு ஒன்றை டைட்டானியத்தோடு சேர்த்தது. பழைய ஆய்வகத்தில் ஏறக்குறைய எல்லாமே ஒரே பக்கமாக விழுந்தன. கட்டுரையும் அச்சில் வந்துவிட்டது.

அன்று அண்ணன் தீனாவுக்கு அதை விளக்கிச் சொன்னாள். தீனா ஹார்பரில், கன்டெய்னர் யார்டில் வேலை பார்ப்பவன்.

"இதுக்கா இத்தினி வருசம்? எங்க கான்ட்ராக்டரு அத்த எப்பவோ கண்டுபுட்ச்சிட்டான். எனுக்கு ரெண்டு கிளவுசும் எடது கைக்கே குட்த்துகினு கீறான்" என்றான்.

இப்போது அதைச் சொல்லிச் சிரிக்க முடியவில்லை. புது ஆய்வகத்துக்கு மாறிய நாளிலிருந்து எத்தனை முறை செய்தாலும் பாதிக்குப் பாதி. போதாக்குறைக்குப் புனேயிலிருந்து ஓர் ஆய்வுக் குழு தொலைபேசியில் கூப்பிட்டு, கட்டுரையில் எழுதியபடியே செய்தோம், ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டது.

அவளுடைய வழிகாட்டி அருள்பிரகாசம் கத்துகிறவர் அல்ல. கத்தியிருந்தால் தேவலை.

"நான் உன்ன சந்தேகப்படலம்மா. ஆனா நம்ம கையிலயே திரும்ப வரலைன்னா கட்டுரைய வாபஸ் வாங்கறதுதான் மரியாதை. அடுத்த வாரம் எழுதிடறேன்."

"சரி சார்" என்றாள். அவளுக்கு வேறு என்ன சொல்ல வரும்?

கட்டுரை போனால் ஆய்வேடும் போகும். அதைவிட, யசோதரா காட்டிய எண்களெல்லாம் சோடித்தவை என்று ஆகிவிடும். யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். அவளும் யாரிடமும் மறுத்துப் பேசமாட்டாள்.

அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இன்னும் சுத்தமாகச் செய்வது. டைட்டானியத்துக்குத் தண்ணீர் ஆகாது என்று எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் இருக்கும். அதிலும் கடலோரக் காற்று. ஆய்வகம் இருந்த திருவொற்றியூரில் உப்பு டப்பாவே கசிந்து நிற்கும். எனவே கண்ணாடிச் சாமான்களை அடுப்பில் வறட்டினாள். கரைப்பானைச் சோடியம் போட்டுக் காய்ச்சி வடித்தாள், வடித்ததை மறுபடி வடித்தாள். புது ஆய்வகத்தில் குளிர்சாதனம் உண்டு. ஈரமில்லாத நைட்ரஜன் குழாய் வழியாக மேசைக்கே வரும். எல்லாம் எலும்புபோல் உலர்ந்திருந்தன. பூஜ்யம் மட்டும் நகரவில்லை.

சனிக்கிழமை காலை அவளும் அம்மாவும் வியாசர்பாடியில், வீட்டுத் தெருவில், தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்றிருந்தார்கள். அந்தக் கோடையில் குழாயில் காற்றுதான் வந்தது.

"மூஞ்சிய ஏன் இப்டி வச்சிகினு கீற?" என்றாள் அம்மா ரமாபாய்.

"வேல சரியா வரலம்மா. எங்கியோ ஈரம் போயிருக்கும். தண்ணி பட்டா கெட்டுடும் அது."

அம்மா பின்னால் நின்ற சாபிராவிடம் திரும்பினாள். "கேட்டியா அக்கா இந்தக் கூத்த! இங்க ஒரு கொடம் தண்ணிக்கு உசுரு போவுது. இவ இன்னாடான்னா தண்ணி வந்துட்ச்சேன்னு அழுவுறா."

"அந்தத் தண்ணிய இங்க அனுப்பி வுடச் சொல்லு, புண்ணியமாப் போவும்" என்றாள் சாபிரா. வரிசையே சிரித்தது.

யசோதரா தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்தபடியே, பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் என்னென்ன மாறியது என்று மறுபடி ஓட்டிப் பார்த்தாள். மருந்துகள் மாறவில்லை. எடை மாறவில்லை. செய்கிற கை மாறவில்லை. மாறியவை எல்லாம் நல்லதுக்கு மாறியவை. அதனாலேயே அவற்றை ஒரு நாளும் மாற்றம் என்று அவள் எண்ணவில்லை.

லாரி வந்துவிட்டது. முட்டி மோதிக் குடங்களை நிரப்பி வீட்டில் இறக்கியதும் ஈரப் புடவை முனையோடு அவள் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினாள்.

பழைய ஆய்வகம் இப்போது சாமான் போடும் அறை. ஜன்னல் கதவுகள் உப்பில் துருப்பிடித்து மூட வராமல் நின்றன. அங்கே நைட்ரஜன் குழாய் இருந்ததில்லை. வண்ணாரப்பேட்டையில் மொத்தமாக வாங்கிய பிறந்தநாள் பலூனில் நைட்ரஜனைப் பிடித்து, ஊசியில் கட்டி, குடுவையின் மேல் குத்தி வைப்பார்கள். பெரிய ஆய்வகங்களில் தடித்த ரப்பரில் வாங்குவார்கள். இவை ஊதினால் மறுபக்கம் தெரியும்.

அவள் வேண்டுமென்றே மோசமாகச் செய்ய ஆரம்பித்தாள். ஒருமுறை மட்டும் வடித்த கரைப்பான், திறந்த காற்றில் ஆறவிட்ட குடுவை, மேலே சிவப்புப் பலூன். நல்லபடி வேலை பழகிய கைக்கு அது கூச்சமாக இருந்தது. யாரும் பார்க்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள். டோரதி பார்த்துவிட்டாள்.

டோரதி ராயபுரத்துக்காரி, அதே துறையில் ஆய்வு மாணவி. வாசலில் நின்று பலூனைப் பார்த்தாள். "யாருக்குடி பர்த்டே? கேக்கு எங்க?"

"சும்மா இரு டோரதி."

"நான் சும்மாதான் கீறேன். ஒன் பலூன்தான் ஆடிகினு கீது."

ஞாயிற்றுக்கிழமை டோரதி சர்ச்சில் பூசை முடிந்து நேராகவே வந்தாள், பலூன் என்ன ஆயிற்று என்று பார்க்க. அது பாதியாக வதங்கித் தொங்கியது. யசோதரா பொருளைப் பிரித்தெடுத்து, கரைத்து, குழாயில் ஊற்றிக் கருவியில் வைத்தாள். ஒளி திரும்பியது. பழைய கட்டுரையில் இருந்த அதே அளவுக்குத் திரும்பியது.

அவள் நாற்காலியைத் தேடாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அய்ய, அழுவுறியா?" என்றாள் டோரதி. "வந்துட்ச்சில்ல, அப்புறம் இன்னா?"

"ஏன் வந்துச்சுன்னு தெரியலையே."

தெரியாமல் வந்தது தெரியாமலே போகும். புது ஆய்வகத்தில் இல்லாமல் இங்கே இருந்தது என்ன? அந்த மெல்லிய ரப்பருக்குள் இரவெல்லாம் எதுதான் நுழைந்திருக்க முடியும்? பதில் நெற்றியில் வழிந்துகொண்டிருந்தது. நம்பத்தான் மனம் வரவில்லை. இத்தனை நாளும் அவள் துரத்தித் துரத்தி அடித்தது அந்த ஈரத்தைத்தானே!

புது ஆய்வகத்துக்குப் போனாள். எல்லாவற்றையும் முறைப்படி உலர்த்தி வினையைத் தொடங்கினாள். பிறகு மிகச் சிறிய ஊசியில் தண்ணீரை எடுத்து, வாத்தியார் பார்க்காதபோது தப்புச் செய்கிற பிள்ளை மாதிரி சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளே விட்டாள். குடுவை சுண்ணாம்புத் தண்ணீர்போல் வெளுத்துக் கெட்டுப்போனது. அளவைக் குறைத்தாள். மறுபடி வெளுத்தது. இன்னும் குறைத்து, கண்ணுக்கே தெரியாத அளவில் விட்டபோது கரைசல் தெளிவாக நின்றது. பக்கத்தில் தண்ணீரே விடாத இன்னொரு குடுவையையும் வைத்தாள்.

திங்கட்கிழமை தண்ணீர் விட்டது ஒளியைத் திருப்பியது. விடாதது பூஜ்யத்தில் நின்றது.

அருள்பிரகாசத்தின் அறை வாசலில் அவள் நின்றபோது அவர் கட்டுரை வந்த பத்திரிகைக்கு வாபஸ் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்திருந்தார்.

"சார், கொஞ்சம் தண்ணி வேணும் சார்."

அவர் மேசை மேலிருந்த பாட்டிலை எடுத்து நீட்டினார்.

"குடிக்க இல்ல சார். வினையூக்கிக்கு."

அவள் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தபோது அவர் பாட்டிலை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். எழுந்து வந்து இரண்டு குழாய்களையும் தானே பார்த்தார். மாற்றி வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நாமளே காய வச்சிக் கொன்னிருக்கோம்" என்றார். "புனேக்காரங்களும் நல்லா வேலை செய்யறவங்க. அதான் அவங்களுக்கும் வரல."

அங்கிருந்தே புனேக்குக் கூப்பிட்டார். எவ்வளவு தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னார். அவர்கள் அந்த அளவைத் திரும்பக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை மாலைதான் பதில் வந்தது. அதுவரை யசோதராவுக்குச் சோறு இறங்கவில்லை. சார் ஆய்வகத்துக்குள் வந்து, எல்லோர் முன்னிலையிலும் சத்தமாகச் சொன்னார்.

"அவங்களுக்கும் திரும்பிடுச்சும்மா. வாபஸ் இல்ல. தண்ணியோட அளவச் சேர்த்து ஒரு திருத்தம் மட்டும் போடப் போறோம். உன் ஆய்வேட்டுல இன்னொரு அத்தியாயம் எழுது, அந்தத் தண்ணி உள்ள போயி என்ன பண்ணுதுன்னு."

"சரி சார்" என்றாள் யசோதரா. இந்த முறை அந்த இரண்டு சொல்லே போதுமாக இருந்தது.

"ட்ரீட்டு குட்த்துடு. பலூன் நான் வாங்கியாறேன்" என்றாள் டோரதி.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சுங்கச்சாவடி தாண்டியது அவளுக்குத் தெரியும். அதன்பின் எதுவும் தெரியாது. கன்டெய்னர் லாரிகளின் ஹாரனும் எழுப்பவில்லை, வியாசர்பாடியில் இறங்கியவர்களின் கூச்சலும் எழுப்பவில்லை.

யாரோ கம்பியைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தால் எம்.கே.பி. நகர், கடைசி நிறுத்தம். வண்டி காலி.

"இன்னாம்மா, எறங்குற ரோசன கீதா, இல்ல டிப்போலயே படுத்துக்கப் போறியா?" என்றார் நடத்துநர்.

"இல்லண்ணா, எறங்கிடறேன்."

"எத்தினி நாளுத் தூக்கம்மா அது? ரெண்டு வாட்டி கூப்ட்டேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தாள். நல்ல பசி.