பத்தொன்பது இடத்துக்கு ஒரே படம்

மத்தியானம் மூன்று மணிக்குப் பிடித்த மழை நாலரை ஆகியும் விடவில்லை. வேலங்காட்டுப்புதூர் நகராட்சி அலுவலகத்தின் புகார் பிரிவில் ஜோதிகா தனியாக உட்கார்ந்து, ஒரே நம்பருக்கு ஏழாவது தடவையாகப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. யாரும் எடுக்கவில்லை.

அது மூக்கம்மாளின் நம்பர். ஜோதிகா அவளை நேரில் பார்த்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள், அண்ணமார் வீதியில் லைன் வீட்டில் குடியிருக்கிறவள் என்பதெல்லாம் போனில் பேசியே தெரிந்துகொண்டது. ஜூலை மாசம் முதல் தடவை கூப்பிட்டபோது சொன்னாள், சரக்கு லாரி ஏறி சாக்கடை சிலாப் உடைந்துவிட்டது, ஆள் உயரத்துக்குக் குழி வாயைப் பிளந்து கிடக்கிறது என்று. ஜோதிகா புகாரைப் பதிந்துகொண்டாள்.

பதிந்த புகாரை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். முடிக்காவிட்டால் கம்ப்யூட்டரில் அந்த வரி சிவப்பாக மாறும். திங்கள்கிழமைதோறும் மாவட்டக் கூட்டத்தில் எந்த ஊர் எத்தனை சிவப்பு என்று பெரிய திரையில் போட்டுக் காட்டுவார்கள். வேலங்காட்டுப்புதூர் ஒரு வருஷமாக மூன்றாவது இடத்துக்குக் கீழே இறங்கியதில்லை. ஆனால் சிலாப் வாங்கும் டெண்டர் மூன்று மாசமாக மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருந்தது. குடோனில் ஒரு சிலாப்கூட இல்லை.

"ஏதாச்சும் ஒரு போட்டோவைப் போட்டு முடிச்சு உட்ருமா. சிலாப் வந்ததும் முதல்ல அங்க போட்டுக்கலாம்" என்றார் உதவிப் பொறியாளர் சதீஷ்குமார். கெட்ட மனுஷரில்லை. கம்பெனி முதலாளியோ கவுன்சிலரோ யார் வந்து கத்தினாலும் எழுந்து நின்று "சரிங்க, பாத்தர்லாமுங்க" என்று சொல்கிறவர். ஜோதிகாவோ அங்கே அரசு ஊழியர் இல்லை. ஏஜென்சி மூலம் வந்த ஒப்பந்த ஆள். மாசாமாசம் புதுப்பித்தால்தான் வேலை. அப்பாவுக்கு முதுகு போய் தையல் மிஷினைவிட்டு இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது.

அவளிடம் ஒரு படம் இருந்தது. எப்போதோ உண்மையாகவே சரிசெய்த ஒரு சாக்கடையின் படம். புத்தம்புது சிலாப், பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதையே ஏற்றிப் புகாரை முடித்தாள். வரி பச்சையானது. மூக்கம்மாளுக்கும் படத்தோடு மெசேஜ் போனது.

மூக்கம்மாள் மறுபடி கூப்பிட்டாள். மறுபடி பதிவு, மறுபடி அதே படம். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவள் சண்டை போடவில்லை.

"ஏம்மா, நீ அனுப்புன படத்துல வேப்பமரம் நிக்கிது. எங்க தெருவுல மரமே கெடையாது தாயி. ஐப்பசி மழை வரப்போகுது. தண்ணி ஏறிருச்சுன்னா குழி எங்கன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? அத மட்டும் யோசிச்சுப் பாரு."

யோசித்தாள். யோசித்துவிட்டு, சனிக்கிழமை சாயங்காலம் கெடு முடிய இருபது நிமிஷம் இருக்கும்போது அந்தப் புகாரையும் முடித்தாள்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே ரோடு ஓடையாகிக் கிடந்தது. மணி நாலு நாற்பது. அண்ணமார் வீதியைச் சுற்றி ஆறேழு பனியன் கம்பெனிகள். ஐந்தரைக்கு ஷிப்ட் விட்டால் நானூறு ஐநூறு பேர் அந்த வழியாகத்தான் வெளியே வருவார்கள். எட்டாவது தடவையும் போன் அடித்து ஓய்ந்தது. ஒருவேளை முதலில் விழுந்தவளே அவள்தானோ என்ற எண்ணம் வந்ததும் ஜோதிகா போனைக் கீழே வைத்துவிட்டாள்.

சதீஷ்குமார் தன் அறையில் இரண்டு காதிலும் இரண்டு போன் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் புகுந்துவிட்டது. மோட்டார் கேட்டு மேலிடத்திலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், அண்ணமார் வீதிக்கு ரெண்டு ஆளும் ஒரு தடுப்பும் அனுப்பணுங்க சார். அங்க சிலாப் இல்லாத குழி இருக்குதுங்க."

"புகார் வந்திருக்குதா?"

"வந்துச்சுங்க சார். நாமதான் முடிச்சுட்டோம்."

அவர் ஒரு போனை மட்டும் காதிலிருந்து எடுத்தார். "முடிஞ்ச எடத்துக்கு ஆள அனுப்புனா, எதுக்கு அனுப்புனோம்னு எழுதறது? ஆளுகளும் இல்லம்மா, எல்லாம் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கறாங்க. மழை இப்ப நின்னுரும். பொறு."

அவள் பொறுக்கவில்லை. பையைக்கூட எடுக்காமல் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். இரண்டு கிலோமீட்டர்தான். தரைப்பாலத்துக்கு இந்தப் பக்கமே வண்டி இருமிக்கொண்டு நின்றுவிட்டது. அதை ஒரு மெஸ் வாசலில் சாய்த்துவிட்டு ஓடினாள். சாயப்பட்டறைத் தண்ணீரும் மழைத்தண்ணீரும் கலந்து, ஓடை கறுத்து நுரைத்துப் போய்க்கொண்டிருந்தது. அதன் இரைச்சலைக் கேட்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

அண்ணமார் வீதி முனைக்கு வந்தபோது ஐந்து இருபது. வானம் கவிந்து விளக்கு வைக்கிற நேரம் மாதிரி இருண்டிருந்தது. தெரு முழுக்க முழங்கால் அளவு தண்ணீர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே மட்டம். ரோடு எது, சாக்கடை எது என்று பிரிக்க முடியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று தடவை அந்தப் புகாரை முடித்திருக்கிறாள், குழி தெருவில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாது.

செருப்பைக் கழற்றிவிட்டு, காலால் தரையைத் தடவித் தடவி நடந்தாள். கல் தட்டுப்பட்டது. ஏதோ துணி காலைச் சுற்றியது, உதறினாள். தண்ணீர் சும்மா தேங்கி நிற்கவில்லை. ஒரு பக்கமாகக் கணுக்காலை இழுத்துக்கொண்டிருந்தது. எந்தப் பக்கம் இழுக்கிறதோ அங்கேதான் குழி இருக்கும் என்று புத்திக்குத் தெரிந்தது. கால் அந்தப் பக்கமே போனது.

"யம்மா, அங்கனயே நில்லு. அடுத்த அடி வைக்காத."

குரல் அவளுக்கு நன்றாகப் பழகிய குரல். தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, கையில் துணி காயப்போடும் மூங்கிலோடு ஒரு பெண் நாலு முழத் தூரத்தில் நின்றிருந்தாள். மூங்கிலை நீட்டி ஜோதிகாவின் காலுக்கு முன்னால் தண்ணீரில் குத்தினாள். ஒரு ஆள் நீளத்துக்கு அது தடையில்லாமல் உள்ளே இறங்கியது.

ஜோதிகா நின்ற இடத்திலேயே நின்றாள். மூக்கம்மாள் சுற்றி வந்து, கையைப் பிடித்து ஓரமாக இழுத்துவிட்டாள்.

"போன் எடுக்கலையேக்கா நீங்க" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

"போனு வீட்ல கெடக்கு. மழை பிடிச்சதுமே அரை ஷிப்ட் சொல்லிட்டு வந்து நிக்கேன். நீ யாரு? இந்தத் தெருவுல பாத்ததில்லையே."

ஜோதிகா கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். கம்பெனி பெல் அடிக்கும் சத்தம் கேட்டது. ஒன்றை அடுத்து இன்னொன்று.

"அந்தப் படத்த அனுப்புனது நான்தான்க்கா."

மூக்கம்மாள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மழைத்தண்ணீர் அவள் மூக்கிலிருந்து சொட்டியது. அடிப்பாளோ, கத்துவாளோ என்று ஜோதிகா காத்திருந்தாள். "நீ அந்தக் கடைசில நில்லு. நான் இங்கன நிக்கேன். யாரையும் நடுவுல விட்றாத" என்றாள் மூக்கம்மாள்.

ஜனங்கள் வந்தார்கள். டிபன் பையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு பெண்கள், பாலித்தீன் பையைத் தொப்பியாக மாட்டிய பையன்கள், பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வருகிறவர்கள். "அந்தப் பக்கம் போங்க, செவத்த ஒட்டிப் போங்க" என்று ஜோதிகா கத்திக் கத்திக் குரல் உடைந்தது. பாதிப் பேர் இந்திக்காரர்கள். அவள் கையைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், குறுக்கே நின்றாள்.

அப்படியும் ஒருவன் தப்பிவிட்டான். போனைச் சட்டைக்குள் பத்திரப்படுத்தக் குனிந்தவன், இரண்டு பேருக்கும் நடுவில் நுழைந்தான். ஜோதிகா திரும்பும்போது அவன் இடுப்புவரை குழிக்குள் போயிருந்தான். சத்தம்கூடப் போடவில்லை. கண் மட்டும் விரிந்திருந்தது. அவள் பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்தாள். தண்ணீர் அவனை உள்ளே உறிஞ்சியது. அவனோடு சேர்ந்து அவளையும் இழுத்தது. முட்டி சிமெண்ட் விளிம்பில் உரசித் தோல் பிய்ந்தது. சட்டை கிழியும் ஓசை மழைக்கு மேல் கேட்டது. மூக்கம்மாள் மூங்கிலைக் குழிக்குக் குறுக்கே போட்டாள். அவன் அதைப் பற்றிக்கொண்டான். அதற்குள் நாலைந்து ஆண்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் இழுத்து வெளியே போட்டார்கள்.

பையன் சுவரில் சாய்ந்து வாந்தி எடுத்தான். யாரோ, "முனிசிபாலிட்டிக்காரனுக எவனாச்சும் இந்தப் பக்கம் வந்தானுகளா பாரு" என்றார்கள். மூக்கம்மாள் ஜோதிகாவைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

"ஒண்ணரை ஷிப்ட்டு ஆளுக எட்டரைக்குத்தான் வருவாக. நிக்க முடியுமா?"

"நிக்கிறேன்க்கா."

ஏழு மணிக்கு மழை விட்டது. எட்டேகாலுக்குத் தண்ணீர் வடிந்து குழியின் விளிம்பு தெரிந்தது. தெருக்காரர்கள் இரண்டு கட்டிலைக் கொண்டுவந்து அதன்மேல் கவிழ்த்தார்கள். ஜோதிகா அதன் பிறகுதான் வீட்டுக்குப் போனாள். படுத்தாலும் தூக்கம் வரவில்லை. ஒரே படத்தை எத்தனை இடத்துக்குப் போட்டிருக்கிறோம் என்று நினைக்க முயன்றாள். கணக்கு வரவில்லை.

காலையில் முதல் ஆளாக ஆபீசுக்குப் போய்த் தேடினாள். பத்தொன்பது இடம். இடத்துக்கு இடம் அதே வேப்பமரத்தோடு பச்சை வரி.

சதீஷ்குமார் வந்ததும் பட்டியலை மேசையில் வைத்தாள். "இதெல்லாத்தையும் திருப்பித் திறக்கணுங்க சார். உங்க போனுக்கு ஓடிபி வரும். அதச் சொன்னாத்தான் திறக்கும்."

அவர் பட்டியலைப் படித்தார். "பத்தொம்பதையும் ஒரே நாள்ல திறந்தா என்னாகும்னு தெரியுமா உனக்கு? எதுக்கு முடிச்சீங்கன்னு கேப்பாங்க. எனக்கு நோட்டீஸ் வரும். உன்ன ஏஜென்சிக்காரன் அடுத்த மாசம் கூப்பிட மாட்டான்."

"தெரியுங்க சார்."

"எனக்குப் பொண்ணு பிளஸ் டூ படிக்கறா கண்ணு." குரல் கெஞ்சலாகத்தான் வந்தது.

ஜோதிகா சுடிதாரை முட்டிவரை தூக்கிக் காட்டினாள். மஞ்சள் அப்பிய காயம். "நேத்து ஒரு பையன் இடுப்பு வரைக்கும் உள்ள போயிட்டானுங்க சார். நான் காலரைப் பிடிச்சேன். சட்டை கிழிஞ்சுது. இன்னும் ஒரு ஜாண் கிழிஞ்சிருந்தா..." அவள் சுடிதாரை இறக்கிவிட்டாள். "மத்த பதினெட்டுல யார் நின்னாங்கன்னு எனக்குத் தெரியல."

அவர் போனை எடுத்து, ஆறு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். பத்தொன்பது தடவை வாசிக்க வேண்டியிருந்தது. திரை பாதிக்கு மேல் சிவப்பானது. அவர் எழுந்து வெளியே போய்த் துப்புரவு மேற்பார்வையாளர் சாமியப்பனைக் கூப்பிட்டு, குடோனில் கிடக்கும் தார் டிரம், மூங்கில், மணல் மூட்டை எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றச் சொன்னார். தானும் ஏறிக்கொண்டார்.

அன்று ஒவ்வொரு இடமாகப் போனார்கள். டெம்போ நிற்கும்போதெல்லாம் ஜோதிகா முதல் ஆளாக இறங்கிப் பார்த்தாள். சில இடத்தில் தெருக்காரர்களே பலகை போட்டிருந்தார்கள். சில இடத்தில் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். ஐந்து இடம் அப்படியே திறந்து கிடந்தது. பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி ஒன்று. அதைப் பார்த்ததும் சதீஷ்குமார் டெம்போவிலிருந்து இறங்காமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

பதினான்காவது இடத்தில், டீக்கடை வைத்திருந்த வள்ளியாத்தாள் அவர்களைக் கண்டதும் அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு வந்தாள். "இப்பத்தான் வர்றீங்களாக்கும்? ஆவணி மழைக்கே ஒருத்தன் உழுந்துட்டானுங்களே."

"யாருங்க?" என்றாள் ஜோதிகா.

"வடக்கத்திப் பையனுங்க. கட்டிங் செக்ஷன்ல வேலை. இடுப்பெலும்பு ஒடஞ்சு போச்சுங்க. நாலு நாள் ஆஸ்பத்திரில வெச்சிருந்து, கான்ட்ராக்டர் ரயிலேத்தி ஊருக்கு அனுப்பிட்டானாமா. இங்கதான் டீ குடிப்பான். நல்ல பையனுங்க."

"பேரு என்னங்க?"

"பேரு யாரு கேட்டாங்க சாமி. எல்லாத்தையும் பையா பையான்னுதான கூப்படறோம்."

ஜோதிகா பட்டியலைப் பிரித்தாள். பதினான்காவது வரி. புகார் வந்தது ஆடி மாசம். முடித்தது அடுத்த நாளே. அவள் பேருக்கு நேராக. அவன் விழுந்தது அதற்குப் பிறகு, ஆவணியில். சதீஷ்குமார் பக்கத்தில் வந்து நின்றார். சாமியப்பன் மட்டும் மணல் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

சிலாப் பதினோரு நாளில் வந்தது. அதற்குமுன் சதீஷ்குமாருக்கு நோட்டீஸ் வந்தது. மாசக் கடைசியில் ஏஜென்சிக்காரர் ஜோதிகாவிடம் இனிமேல் வரவேண்டாம் என்றார். அவள் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது, இடுப்பெலும்பு உடைந்த அந்தப் பையனின் பேரைத் தெரிந்துகொள்ள அத்தனை கம்பெனி கேட் ஏறி இறங்க வேண்டியிருந்ததுதான். செக்யூரிட்டி தெரியாது என்றார். மேனேஜர், கான்ட்ராக்டர் ஆள் என்று தள்ளிவிட்டார். மூக்கம்மாள்தான் தன் கம்பெனியில் ஒடிசாக்காரப் பிள்ளைகளிடம் விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை நம்பரை வாங்கிக் கொடுத்தாள். பேர் தீபக் நாயக். வயது இருபத்திரண்டு.

"நீயே பேசு. இந்தி தெரிஞ்ச புள்ளைய பக்கத்துல வச்சுக்க. என்ன நடந்துச்சுன்னு ஒளிக்காமச் சொல்லிரு" என்றாள் மூக்கம்மாள்.

மறுநாள், இந்தி தெரிந்த ஒரு பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜோதிகா நம்பரை அழுத்தினாள். மறுமுனையில் அவன் "ஹலோ" என்றதும், முந்தின ராத்திரி முழுக்க மனப்பாடம் செய்த வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. முதலில் தன் பேரைச் சொன்னாள்.