வாங்காத காரின் காய்ந்த இடம்

ஹார்லன் டெவிட் இன்னும் வாங்காத கார், 2004 ஏப்ரலிலிருந்து அவன் வீட்டு வாசலில் மழையை மறித்துக்கொண்டிருந்தது. கார் என்று ஒன்றும் அங்கே இல்லை. கார் நிற்கக்கூடிய இடம் மட்டும் பதின்மூன்றடி நீளத்துக்கு, முன்பக்கம் ஒடுங்கி, பின்பக்கம் பருத்து, எந்த மழைக்கும் நனையாமல் கிடந்தது. ஆஷ்டன் மில்ஸ் ஊர்க்காரர்கள் காப்பிக் கோப்பையோடு வந்து பார்த்தார்கள். எதிர்வீட்டு டுவேன் டேப் பிடித்து அளந்து, அளவு சரிதான் என்றான். முந்தின வாரம்தான் ஹார்லன் மூன்று கம்பெனிகளுக்கு எழுதிப் படப் புத்தகங்களை வரவழைத்திருந்தான். அதற்குமேல் யாரும் காரணம் தேடவில்லை. மிச்சிகனில் அந்த வருஷம் தக்காளி நாற்று இரண்டு வாரம் முன்னதாகவே விற்பனைக்கு வந்தது. ஊர் அதைப் பற்றித்தான் அதிகம் பேசியது.

அவனுக்கு வேண்டியது அறுபத்தைந்தாம் வருஷத்துப் பந்தயக் கார் ஒன்றின் நகல். கூரை கிடையாது, இரண்டே இருக்கை. அசலை வாங்க ஒரு பண்ணையை விற்க வேண்டும். நகல் என்றால் கம்பெனிக்காரன் இரும்புச் சட்டத்தையும் கண்ணாடியிழை உடம்பையும் பெட்டி பெட்டியாக அனுப்புவான். ஓடித் தேய்ந்த கார் ஒன்றிலிருந்து எஞ்சினைப் பிடுங்கி வைத்து வீட்டிலேயே கட்டிக்கொள்ளலாம். விஸ்கான்சின்காரனின் காரில் கதவு அகலம், ஆனால் முன்பக்க மூக்கு அசலைவிட மூன்று அங்குலம் பெரிது. டெக்சஸ்காரனின் சட்டம் பாலம் மாதிரி உறுதி, ஆனால் கதவின் அகலம் சுமார். ஐடஹோகாரனுடையது அச்சு அசல், அசலின் இட நெருக்கடி உட்பட. இந்த மூன்றில் எது என்று முடிவெடுக்க ஹார்லனுக்கு ஏழு வருஷம் ஆயிற்று.

அவன் மனைவி நெல்டாவின் முழங்கால்களிடம் ஏழு வருஷம் இல்லை. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் ஆலையில் இருபத்தாறு வருஷம் பெடலை மிதித்தவள். முழங்கால் இரண்டும் தேய்ந்துபோய், ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கொஞ்சம் குறைவாக மடங்கின. யார் யாரோ உட்காருவதற்கு லட்சக்கணக்கில் தைத்துக் கொடுத்தவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று: ஹூரான் ஏரிக்கரைச் சாலையில், கூரையில்லாத காரில், ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை போக வேண்டும். டாக்டர் ஊசி போட்டு, இன்னும் சில வருஷம் மடங்கும் என்றார். சில என்றால் எத்தனை என்று கேட்டாள். அவர் அடுத்த ஊசிக்குத் தேதி எழுதிக் கொடுத்தார்.

மழை பெய்யும் நாட்களில் அவள் மடக்கு நாற்காலியைக் கொண்டுபோய், காய்ந்த இடத்தின் வலப்பக்கம் போட்டு உட்காருவாள். சுற்றிலும் கொட்டும், அவள் மேல் ஒரு சொட்டு விழாது. ஹார்லனின் மனம் மாறும்போதெல்லாம் காய்ந்த இடமும் மாறியது. அவன் வாயைத் திறக்கும் முன்பே அவளுக்குச் செய்தி தெரிந்துவிடும்.

"இப்ப டெக்சஸ்காரனா?" என்று உள்ளே பார்த்துக் கத்துவாள்.

"உனக்கு யார் சொன்னது?"

"வலது முழங்கை நனையுது. விஸ்கான்சினே இருக்கட்டும், ஹார்லன். கால் நீட்ட முடியுது."

"அதோட மூக்கைப் பாத்தியா நீ? கெளுத்தி மீன் மாதிரி. சனிக்கிழமை கார்க்காரங்க கூட்டத்துல டுவேன் என்னை ஓட்டியே கொன்னுடுவான்."

"நான் மூக்குல உக்காரப் போறதில்லையே."

ஆர்டர் கொடுக்கும் முன் உட்கார்ந்து பார் என்பது இந்தக் கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் முதல் பாடம். ஹார்லன் அதையும் செய்தான். இரண்டு நாள் வண்டி ஓட்டி ஐடஹோ போய், ஓட்டுநர் இருக்கையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து, பெடல், ஸ்டியரிங், முழங்கை எல்லாவற்றையும் அளந்தான். பக்கத்து இருக்கையில் தன் ஐஸ் பெட்டியை வைத்துப் பார்த்தான். பெட்டி நன்றாகவே உட்கார்ந்தது. அங்கேயே கையெழுத்துப் போட்டான். அதே நேரம் ஆஷ்டன் மில்ஸில் மழை பெய்துகொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த நெல்டாவின் இரண்டு முழங்கால் மேலும் விழுந்தது.

ஊர் திரும்பி, ஐஸ் பெட்டி உட்கார்ந்த கதையைச் சொன்னவனிடம் அவள் சொன்னாள். "முட்டி ரெண்டும் நனையுது, ஹார்லன்."

"அரை அங்குல விஷயம். இருக்கையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கலாம்."

பெட்டிகள் வந்தன. கட்டுவதற்கு இரண்டு கோடை ஆயிற்று. உடம்பு மாட்டும் முன், வெறும் சட்டமும் எஞ்சினும் இரண்டு இருக்கையுமாகத் தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது இவர்கள் வழக்கம். அன்று தெருவே வாசலில் நின்று கைதட்டும். நெல்டா உதட்டுச்சாயம் போட்டு, தலைக்கு ஸ்கார்ஃப் கட்டி, தடியை ஊன்றி வந்தாள். கதவு இல்லை, பக்கச் சுவர் இல்லை, ஒரு எட்டு எடுத்து வைத்தால் இருக்கை.

"கதவே இல்ல. இப்ப நான் ஏறிடுவேன்."

"பொறு கண்ணு. இந்த எலும்புக்கூட்டுலயா உன்னை ஏத்துவேன்? பெயிண்ட் அடிச்சு, முழுசா ஆக்கி, ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

அன்பாகத்தான் சொன்னான். கெட்டவனாக இருந்திருந்தால் அவள் தடியால் ஒன்று போட்டுவிட்டு ஏறியிருப்பாள். கியர் சத்தம் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும் என்று டுவேனை ஏற்றிக்கொண்டான். தெரு கைதட்டியது. நெல்டாவும் தட்டினாள்.

உடம்பை மாட்டிய பிறகு அவளால் ஏற முடியவில்லை. பக்கவாட்டில் முயன்றார்கள், பின்னாலிருந்து டுவேன் தூக்கிப் பார்த்தான், முட்டி கதவுச் சட்டத்தில் இடித்தது. ஹார்லன் டேப்பை எடுத்து அளந்தான். அரை அங்குலம்.

"அந்த ஐஸ் பெட்டியைக் கூப்பிடு, அது வரும்" என்றாள். டுவேன் சிரித்தான். ஹார்லன் மறுபடியும் அளந்தான்.

செப்டம்பரில் அவள் தானாகவே போய் முழங்கால் மாற்று அறுவைக்குப் பெயர் கொடுத்தாள். வசந்தத்தில் ஏரிக்கரைக்குப் போகலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அறுவை முடிந்த மூன்றாம் நாள் காலில் கட்டிய ரத்தம் நுரையீரலுக்கு ஏறியது. அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றித்தொடை சாண்ட்விச்சும் வேகவைத்த உருளைக்கிழங்கும் பரிமாறினார்கள். அவள் தேர்ந்தெடுத்த நீலத்தைக் காருக்கு அடிக்கப் பிறகும் ஒரு மாதம் ஆயிற்று. வாசலில் காய்ந்த இடம் அவள் போன அன்றோடு இல்லை. மழை எல்லா இடத்திலும் ஒன்றுபோல் பெய்தது.

மே மாதம், மேகமே இல்லாத ஒரு காலை, ஹார்லன் ஏரிக்கரைச் சாலையில் காரை எடுத்தான். பக்கத்து இருக்கையின் முன்னால், முழங்கால் இரண்டு இருந்திருக்கக்கூடிய இடத்தில் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு மழை பெய்தது. அவன் மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அடுத்த நாளும் பெய்தது. காரை எடுத்தால் பெய்தது, நிறுத்தினால் நின்றது. சனிக்கிழமைக் கூட்டம் குனிந்து பார்த்தது.

"இந்த மாதிரிக் கார் எல்லாமே ஒழுகும்டா" என்றான் டுவேன்.

"கூரையே இல்லையேடா. எங்கேர்ந்து ஒழுகும்?"

"அதான் சொல்றேன். ஒழுகும்."

ஆகஸ்ட் கண்காட்சியில் நடுவர்கள் மூக்கையும் பெயிண்டையும் பாராட்டிவிட்டு, தரையில் தண்ணீர் தேங்குவதற்காக ஒரு புள்ளி குறைத்தார்கள். ஹார்லன் வீட்டுக்கு வந்து தரைவிரிப்பை உரித்தெடுத்தான். டிரில்லை எடுத்து, பக்கத்து இருக்கைக்குக் கீழே தண்ணீர் வடிய ஒரு ஓட்டை போட்டான். அரை அங்குலம். அது போதுமானதாக இருந்தது.