அண்ணன் எழுதிவைத்த சைலன்சர்

பத்தொன்பது நாட்களாக ஷெட்டில் நின்ற அண்ணனின் ஸ்போர்ட்ஸ் காரைப் பட்டறைக்கு ஓட்டிப் போய், அவன் எழுதிவைத்திருந்த பட்டியலை மெக்கானிக்கிடம் நீட்டினேன். சைலன்சர், ஏர் ஃபில்டர், இன்ஜின் ட்யூனிங்.

"மறுபடியும் இந்தச் சைலன்சரா? சத்தம் அளவைத் தாண்டும், ரோட்டுல விடமாட்டாங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். செவிடன் காதுல ஊதின சங்கு! துரை தங்கச்சியத் தூது அனுப்பிட்டாராக்கும்?"

நான் சிரித்தேன். வீட்டில் இப்போது யாரும் அண்ணனைத் திட்டுவதில்லை. இங்கே இன்னும் திட்டு விழுந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கேட்கலாம் என்றிருந்தது.

சட்டம் அனுமதிக்கிற சைலன்சர் இரண்டை அவர் எடுத்துவைத்தார்.

"ஓட்டுறவன் காதால கேட்டு, இதுதான்னு சொல்லாம எதையும் மாட்டமாட்டேன். நாளைக்கு அவன வரச்சொல்லும்மா."

"அண்ணன் செத்துட்டாண்ணே."